புதுப்பிப்பு: வீட்டில் செய்த ஸ்பீக்கர் கேபிளில் கரகரப்பு – சரியாகிவிட்டது

யோசனை சொன்ன எல்லாருக்கும் நன்றி. கேட்டிருந்தது இதுதான்: 2.5 சதுர மி.மீ. செம்பு வயரில் செய்த கேபிள், பக்கத்துக்கு 5 மீட்டர். இடது ஸ்பீக்கரில் கரகரப்பு, ஒலியைக் கூட்டினால் விட்டுவிட்டு வரும்.

இரண்டு கேபிளையும் இடம் மாற்றிப் போட்டதும் சத்தம் கேபிளோடு வலப்பக்கம் போனது. ஆக, ஆம்ப்பும் (ஆம்ப்ளிஃபையர்) ஸ்பீக்கரும் நல்லாத்தான் இருக்கின்றன. தடித்த வயரும் தேவைப்படவில்லை. போக வர 10 மீட்டருக்குத் தடை 0.08 ஓம்தான், 8 ஓம் ஸ்பீக்கரில் அது வெறும் 1%.

பலித்தது, "ஈயம் பூசிய முனையை வெட்டிவிடுங்க" என்ற பினாங்கு அண்ணனின் யோசனை. பிளக்கின் திருகு அழுத்த அழுத்த ஈயம் (சால்டர்) மெல்ல நசுங்கி விலகும், பிடி தளரும். இங்கே திருகு அரைச் சுற்று லூசாக இருந்தது. முனையை வெட்டி, 12 மி.மீ. உரித்து, இழைகளை முறுக்கி, ஈயமே இல்லாமல் திருகு வகை பனானா பிளக்கில் (ஆம்ப், ஸ்பீக்கர் துளையில் செருகும் ஒற்றை முள் பிளக்) இறுக்கியாயிற்று. ஓர் இழைகூட வெளியே நீட்டக்கூடாது. பக்கத்து இணைப்பைத் தொட்டால் ஷார்ட் ஆகி ஆம்ப் புகைந்துவிடலாம்.

எதிர்பாராதது, உறைக்குள் செம்பு பச்சை பாரித்திருந்தது. கேஎல் (கோலாலம்பூர்) புழுக்கமும் மிச்சமிருந்த பிளக்ஸும் (ஈயம் ஒட்ட உதவும் பசை) சேர்ந்த வேலை. பளபளப்பு தெரியும்வரை இன்னும் 4 செ.மீ. போனது. அளவெடுக்கும்போதே முனைக்கு 10 செ.மீ. உபரி விடுங்கள், பிளக் வாயை ஹீட் ஷ்ரிங்கால் (சூடு பட்டால் சுருங்கி இறுகும் குழாய்) மூடுங்கள்.

கேஎல்லின் எலெக்ட்ரானிக்ஸ் கடைத்தெருவான ஜாலான் பாசாரில் வயர் வாங்கினால் ஓர் இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் செம்பு போர்த்திய அலுமினியம். தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.