பார்வோனின் இருதயத்தைக் கடவுளே கடினப்படுத்தினார் என்றால் அவன்மேல் என்ன குற்றம்?

ஞாயிறு_பள்ளி எழுதியது:

மேல்வகுப்புப் பிள்ளைகளுக்கு யாத்திராகமம் நடத்திக்கொண்டிருக்கிறேன். இஸ்ரவேலரை அடிமைத்தனத்திலிருந்து விட மறுத்த எகிப்து ராஜா பார்வோன்மேல் கர்த்தர் அனுப்பிய பத்து வாதைகள் வந்ததும் ஒரு பிள்ளை, "சார், கர்த்தரே கடினப்படுத்திவிட்டு அவரே தண்டிக்கலாமா?" என்று கேட்டுவிட்டாள். நியாயமான கேள்விதான். மோசே எகிப்துக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே 4:21இல் 'நான் அவன் இருதயத்தைக் கடினப்படுத்துவேன்' என்று வந்துவிடுகிறது, 7:3இல் மறுபடியும். அப்புறம் அவன் கேட்கவில்லை என்று சொல்லி நாட்டையே அடிக்கிறார்.

ரோமர் 9இல் பவுலும் இதே கேள்வியைத்தான் எழுப்புகிறார். ஆனால் அவர் தரும் பதில், தேவனோடு தர்க்கம் பண்ண நீ யார் என்பது. அதை ஒரு பதினான்கு வயசுப் பிள்ளையிடம் சொன்னால் வாயை மூடு என்று சொன்ன மாதிரிதான் ஆகும். சபையில் ஒரு பெரியவரிடம் கேட்டேன், "ஆழமான காரியம், ஜெபம் பண்ணுங்கள்" என்றார். பண்ணுகிறேன், ஆனால் பதிலும் வேண்டும். யாராவது நேர்மையாகச் சொல்லுங்கள், பிரசங்கம் வேண்டாம்.

மறுவாசிப்பு எழுதியது:

முதலில் வாதைகளை வரிசையாக ஒருமுறை படித்துப் பாருங்கள் பிரதர், 4:21ஐ மட்டும் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். தண்ணீர் இரத்தமானபோது அவன் இருதயம் கடினப்பட்டது என்று மட்டும்தான் இருக்கிறது, யார் செய்தது என்று இல்லை. தவளைகள் ஒழிந்து கொஞ்சம் மூச்சு விட இடம் கிடைத்ததும் பார்வோன் தானே தன் இருதயத்தைக் கடினப்படுத்துகிறான் (8:15). வண்டுகள் போனதும் அப்படியே (8:32). கர்த்தர் கடினப்படுத்தினார் என்று கதையின் ஓட்டத்தில் முதன்முதலாக வருவது ஆறாவது வாதையில், கொப்புளங்கள் வந்தபோதுதான் (9:12). அதற்குப் பிறகும் முழுக்கக் கை மாறிவிடவில்லை, கல்மழை நின்றதும் பழையபடி அவனே செய்கிறான் (9:34).

இன்னொன்று, பலர் கவனிக்காமல் விடுவது. 1 சாமுவேல் 6:6இல் உடன்படிக்கைப் பெட்டியை என்ன செய்வது என்று விழிக்கிற பெலிஸ்தருக்கு அவர்களுடைய பூசாரிகளே புத்தி சொல்கிறார்கள், எகிப்தியரும் பார்வோனும் தங்கள் இருதயத்தைக் கடினப்படுத்தினதுபோல நீங்களும் ஏன் செய்கிறீர்கள் என்று. அதாவது வேதத்துக்குள்ளேயே இந்தக் கதையைக் கேட்டவர்கள் அதைப் பார்வோனின் செயலாகவும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். கர்த்தர் செய்தது தீர்ப்பு. நீ இதைத்தானே விரும்பினாய், சரி, இதிலேயே இரு என்று விட்டுவிடுவது.

ஜெனீவாக்காரன் எழுதியது:

மறுவாசிப்பு சொன்ன வரிசை சரி. ஆனால் அதை வைத்துச் சிக்கல் தீர்ந்துவிட்டது என்று காட்டுவதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 4:21 முதலில் வருவதை எங்கே கொண்டுபோய் வைப்பது? பவுலும் 'அவன் முதலில் தானே கடினப்பட்டான், அதனால்தான்' என்று எளிதாகச் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. எவன்மேல் இரக்கமாயிருக்கச் சித்தமோ அவன்மேல் இரக்கம், எவனைக் கடினப்படுத்தச் சித்தமோ அவனைக் கடினப்படுத்துகிறார் என்றுதான் எழுதினார்.

இது பழைய சண்டை. மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் என்ற சபை அறிஞர், சில மனிதர்கள் பிறவியிலேயே அழிவுக்கானவர்கள் என்று சொன்னவர்களுக்குப் பதில் எழுதும்போது இதே பார்வோனைத்தான் எடுத்தார். பிறவியிலேயே கெட்டவன் என்றால் அவனைத் திரும்பத் திரும்பக் கடினப்படுத்த வேண்டிய தேவை என்ன என்று மடக்கினார், பிரமாதமான கேள்வி. ஒரே வெயில் மெழுகை உருக்கும், சேற்றை இறுக்கும் என்ற உவமையும் அவர் சொன்னதுதான். 1524இல் எராஸ்மஸ் என்ற அறிஞர் மனித சித்தத்துக்கு ஆதரவாக எழுதியபோது ஓரிகனைத்தான் துணைக்கு அழைத்தார். அடுத்த வருஷமே சீர்திருத்தவாதி லூத்தர் அதைக் கிழித்துத் தொங்கவிட்டார்: தேவன் பார்வோனுக்குள் புதிதாகக் கேட்டை ஊற்றவில்லை, எல்லாவற்றையும் இயக்குகிறவர் அவனையும் இயக்குகிறார், அவன் ஏற்கெனவே கெட்டவனாக இருப்பதால் கெட்டபடி இயங்குகிறான் என்று. தன் புத்தகங்களில் பிழைத்திருக்கத் தகுந்தவை என்று லூத்தர் பிற்காலத்தில் நினைத்தவை கொஞ்சம்தான், அதில் இது ஒன்று.

கால்வின் வழிவந்த சீர்திருத்த சபைகள் சொல்வது இதுதான். பார்வோனைக் கையை முறுக்கி யாரும் இழுத்துப் போகவில்லை. அடிமைகளை விடக்கூடாது என்று அவனே ஆசைப்பட்டான், ஆசைப்பட்டதைச் செய்தான், அதனால் பொறுப்பு அவனுடையது. அந்தச் சபைகளின் விசுவாச அறிக்கையான 1646இன் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையும் நடக்கிற எல்லாவற்றையும் தேவன் நியமித்தார் என்று சொன்ன அதே மூச்சில், அவர் பாவத்துக்குக் காரணர் அல்ல, சிருஷ்டிகளின் சித்தத்தைப் பலவந்தப்படுத்தவும் இல்லை என்கிறது. யோசேப்பு தன் அண்ணன்மாரிடம் சொன்னதும் அதுதானே. நீங்கள் தீமை நினைத்தீர்கள், தேவன் அதை நன்மையாக முடித்தார். ஒரே சம்பவம், இரண்டு நோக்கம். அண்ணன்மார் செய்தது பாவமாகவே நிற்கிறது.

அப்படியானால் தேவன் நினைத்திருந்தால் பார்வோனை இளக்கியிருக்கலாமே என்று கேட்பீர்கள். இளக்கியிருக்கலாம், இளக்கவில்லை. அது எனக்கும் கசப்பாகத்தான் இருக்கிறது.

வெஸ்லி_வீட்டுப்பிள்ளை எழுதியது:

அந்தக் கசப்பைத்தான் எங்கள் மெதடிஸ்ட் ஆட்கள் விழுங்க மறுத்தார்கள் அண்ணே. ஆசைப்பட்டதைச் செய்தான், சரி, ஆனால் வேறு மாதிரி ஆசைப்பட அவனால் முடிந்திருக்குமா? முடியாது என்றால் சுதந்திரம் என்ற பெயரை வைத்துக்கொண்டு என்ன பிரயோஜனம்? எங்களுக்கு முன்னோடியான டச்சு இறையியலாளர் ஆர்மினியுஸ், மனிதன் தன் சொந்த பலத்தால் கடவுளிடம் வருகிறான் என்று சொல்லவே இல்லை, அவர்மேல் சும்மா அந்தப் பழி. கிருபை முந்திக்கொண்டு வந்து மனிதனை எழுப்புகிறது, எழுப்பப்பட்டவன் அதைத் தள்ளிவிடவும் முடியும், அவ்வளவுதான் அவர் வாதம். அவர் 1609இல் இறந்தார், 1610இல் அவர் பக்கத்தார் ஐந்து கட்டுரைகளாக மனு கொடுத்தார்கள், 1618–19இல் நெதர்லாந்தின் டார்ட் நகரில் சீர்திருத்த சபைச் சங்கம் கூடி அவர்களுக்கு எதிராகத் தீர்ப்பு எழுதியது. ஏறக்குறைய இருநூறு போதகர்களின் பதவி போயிற்று. அவர்களுக்கு அரணாக இருந்த அரசியல் தலைவர் ஓல்டன்பார்னவெல்ட்டின் தலையையும் வெட்டினார்கள். அது அரசியல் வழக்கு என்பார்கள், அந்தக் காலத்தில் இரண்டையும் எங்கே பிரிப்பது? கூடவே சிறையில் போடப்பட்ட சட்ட அறிஞர் குரோஷியஸ் 1621இல் புத்தகப் பெட்டிக்குள் ஒளிந்து தப்பித்தார், அது ஒரு தனிக் கதை.

மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி 1739இல், யார் இரட்சிக்கப்படுவார் என்று தேவன் முன்பே தீர்மானித்துவிட்டார் என்கிற இந்த முன்குறிப்பு உபதேசம் கடவுளைப் பிசாசைவிட மோசமாகக் காட்டுகிறது என்றே பிரசங்கித்தார். அடுத்த வருஷம் அந்த உபதேசத்தை ஏற்ற அவருடைய சக பிரசங்கியார் வைட்ஃபீல்ட் காட்டமாகப் பதில் கடிதம் எழுதினார். ஆனால் 1770இல் வைட்ஃபீல்ட் இறந்தபோது லண்டனில் நினைவுப் பிரசங்கம் செய்தது வெஸ்லிதான்.

நீங்கள் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) என்றால் ஒன்று யோசியுங்கள். 1947இல் ஒன்று சேர்ந்தது ஆங்கிலிக்கரும் மெதடிஸ்டுகளும், ஏற்கெனவே இணைந்திருந்த பிரஸ்பிட்டேரியரும் காங்கிரிகேஷனல்காரரும். டார்ட் பக்கம் நின்ற மரபும் அதை எதிர்த்த மரபும் ஒரே பீடத்தில் ஏறிப் பிரசங்கிக்கின்றன. உங்கள் பெரியவர் நழுவியதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்!

சூசை_மகன் எழுதியது:

கத்தோலிக்கன் குறுக்கே பேசலாமா? எங்களிடமும் இதே தகராறு நடந்தது. 1588இல் மொலினா என்ற இயேசு சபைக் குரு ஒரு வழி சொன்னார்: எந்தச் சூழ்நிலையில் யார் சுதந்திரமாக என்ன செய்வார் என்பது கடவுளுக்கு முன்பே தெரியும், அதை அறிந்து உலகை அமைக்கிறார், யாரையும் தள்ளிவிடுவதில்லை. சாமுவேல் முதல் நூல் 23ஐ இதற்குக் காட்டுவார்கள். நகரத்தார் என்னைச் சவுலிடம் ஒப்படைப்பார்களா என்று தாவீது கேட்கிறார், ஒப்படைப்பார்கள் என்று பதில் வருகிறது, தாவீது கிளம்பிவிடுகிறார், சவுலும் வரவில்லை. நடக்காத ஒன்று கடவுளுக்குத் தெரிந்திருக்கிறது. இதன்படி 4:21 கட்டளையாக இல்லை, பார்வோனை நன்றாகத் தெரிந்தவரின் பேச்சாக இருக்கிறது. தொமினிக்கன் சபையார் கொதித்தார்கள், மனிதன் செய்யப்போவதை வைத்துக் கடவுள் திட்டம் போடுவதாக ஆகிவிடுகிறதே என்று. ரோமில் வருஷக்கணக்கில் விசாரணை நடந்து, 1607இல் திருத்தந்தை ஐந்தாம் பவுல் ஒருவரையொருவர் பதிதர் என்று திட்டாதீர்கள் என்று சொல்லி அனுப்பிவைத்தார். தீர்ப்பு இல்லை. எனக்கென்னவோ ரோம் செய்த புத்திசாலித்தனமான காரியங்களில் அதுவும் ஒன்று.

ஞாயிறு_பள்ளி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. ஜெனீவாக்காரன் கசப்பை மறைக்காமல் சொன்னது பிடித்தது. ஆனாலும் கடினப்படுத்தப்பட்ட பிறகு அவன் பொம்மையா இல்லையா என்பது இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. ஆறாவது வாதைக்கு அப்புறம் பிள்ளைகளிடம் என்ன சொல்வது?

மறுவாசிப்பு எழுதியது:

பத்தாம் அதிகாரத்தைக் காட்டுங்கள். 10:1இல் பார்வோனின் இருதயத்தை மட்டுமல்ல, அவன் ஊழியக்காரரின் இருதயத்தையும் கடினப்படுத்தினேன் என்கிறார். ஆறு வசனம் தள்ளிப் பாருங்கள், அதே ஊழியக்காரர் பார்வோனிடம் போய், இவர்களை விட்டுவிடுங்கள், எகிப்து அழிந்துபோனது இன்னும் உமக்குத் தெரியவில்லையா என்று கேட்கிறார்கள்! பொம்மை இப்படிப் பேசாது. முந்தின அதிகாரத்தில் கல்மழை எச்சரிப்பைக் கேட்டுப் பயந்து, ஆட்களையும் மாடுகளையும் வீட்டுக்குள் ஓட்டிவந்தவர்களும் பார்வோனின் ஊழியக்காரர்தான் (9:20). என் கணக்கில் கடினப்படுத்துதல் என்பது வழியை அடைப்பது இல்லை.

ஜெனீவாக்காரன் எழுதியது:

10:7ஐ நான் இப்படி 10:1ஓடு சேர்த்து வாசித்ததில்லை, நல்ல இடம். ஆனால் அவர்கள் பேசியும் பார்வோன் கடைசியில் அசையவில்லை, அசையமாட்டான் என்று முன்பே சொல்லியாயிற்று. அதை விட்டுத்தர மாட்டேன்.

ஞாயிறு_பள்ளி எழுதியது:

10:1ஐயும் 10:7ஐயும் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் போட்டு, பிள்ளைகளையே பேசவிடப் போகிறேன். பார்வோனுக்காவது வாதாட இவ்வளவு இருக்கிறது. இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு 11:5 தான் பெரிய இடியாக நிற்கிறது. ஏந்திரத்தில் மாவரைக்கும் அடிமைப்பெண்ணின் தலைப்பிள்ளையும் சாகும் என்கிறார், அவள் யாரையும் அடிமையாக வைத்திருக்கவில்லையே. அதற்குத் தனி இழை தொடங்குகிறேன், எல்லோரும் அங்கே வாருங்கள்.