ஃப்ரீசாவின் மரியாதைப் பேச்சு: மாங்காவிலும் அனிமேயிலும் ஒன்றுதானா?

அனைவருக்கும் வணக்கம். 'டிராகன் பால்' மாங்காவையும் (ஜப்பானியப் படக்கதை), அதன் பிற்பகுதியைத் தழுவி 1989இல் தொடங்கிய அனிமே (ஜப்பானிய அசைவூட்டப் பட) தொடரையும் ஒப்பிட்டு எழுதிவரும் கட்டுரைக்கு, ஜப்பானிய மொழி அறிந்தவர்களின் உதவி தேவைப்படுகிறது.

அந்த மாங்காவில் அகிரா தோரியாமா வரைந்த வில்லன் ஃப்ரீசா, தன் கையாட்களான ஸார்பனையும் டொடோரியாவையும்கூட 'சான்' என்ற மரியாதைப் பின்னொட்டைச் சேர்த்தே அழைக்கிறான். தன் போர்த்திறன் 5,30,000 என்று நமெக் கோளின் வீரன் நெயிலிடம் சொல்லும்போதும், பேருந்து புறப்படும் நேரத்தைத் தெரிவிப்பவனைப் போல அடக்கமாகவே சொல்கிறான். அச்சில் இந்தப் பணிவுதான் அவனுடைய ஆணவத்தின் உச்சமாக எனக்குப் படுகிறது. அனிமேயில், நகாவோ ரியூசெயின் குரலில் எழும் சிரிப்பு அதே ஆணவத்தை வெளிப்படையாக்கிவிடுகிறது. நமெக் கோள் வெடிக்க ஐந்து நிமிடமே இருப்பதாக அவன் அறிவித்த பிறகும் தொடரில் சண்டை வாரக்கணக்கில் நீள்வதால் (அந்த ஐந்து நிமிடத்தைக் கேலி செய்யாத ரசிகர் உண்டா?), அவன் நிலைகுலைவதை நிதானமாகப் பார்க்க முடிகிறது, மாங்காவில் அந்தக் கட்டம் விரைவாகக் கடந்துவிடுகிறது.

கோபம் தலைக்கேறும்போது அவன் மரியாதை வினைமுடிவுகளைக் கைவிடும் இடங்கள் இரண்டு வடிவங்களிலும் ஒன்றுதானா? மூல வசனம் வரும் பக்கத்தையோ காட்சியையோ சுட்டிக்காட்டினாலே போதும். அந்த மாற்றத்தைத் தமிழில் 'நீங்கள்' என்பது 'நீ' ஆவதாகக் காட்டுவது பொருந்துமா என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன்.