தனியாக விடப்பட்ட மனம் முழுமையாக இருக்குமா?

கருங்குருவி:
மிஷேல் சிஃப்ர் என்ற பிரெஞ்சு நிலவியலாளர் 1962இல் ஆல்ப்ஸ் மலைக் குகை ஒன்றில் கடிகாரம் இல்லாமல் தனியாக இரண்டு மாதம் இருந்தார். செப்டம்பர் 14 அன்று வெளியே இருந்த குழுவினர் "முடிந்தது, வாருங்கள்" என்று சொன்னபோது, அவர் கணக்கில் தேதி ஆகஸ்ட் 20தான் ஆகியிருந்தது. ஆளில்லாத இடத்தில் மனிதப் பிரக்ஞைக்குக் காலம்கூடப் பிடிபடுவதில்லை. பிரெஞ்சுத் தத்துவவாதி தெக்கார்த் சொன்னதுபோல "சிந்திக்கிறேன், ஆகவே இருக்கிறேன்" என்று ஒற்றை ஆளாக நிற்க முடியாது. இன்னொருவர் நம்மை அங்கீகரிக்கும்போதுதான் தன்னுணர்வே உண்டாகிறது என்ற ஜெர்மன் தத்துவவாதி ஹெகல் கட்சிதான் நான்.

திண்ணைக்காரன்:
உதாரணம் உங்களுக்கே எதிராகப் போகிறது, நண்பரே. அந்தக் குகையில் ஆள் மட்டுமா இல்லை? சூரியனும் இல்லை. 2021இல் பிரான்ஸில் லோம்ப்ரீவ் குகைக்குள் 15 பேர் சேர்ந்து 40 நாள் இருந்தார்கள். பேச்சுத்துணைக்குக் குறைவே இல்லை. அவர்களுக்கும் நாள் கணக்கு தப்பியது. ஆக, காலத்தைப் பிடித்து வைப்பது வெளிச்சமும் கடிகாரமும்; பக்கத்து ஆள் இல்லை.

இன்னொன்று. 1969இல் ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் நடந்தபோது மைக்கேல் காலின்ஸ் மேலே தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றிலும் நிலவின் மறுபக்கம் போனதும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் ரேடியோவும் கிடையாது. தனிமையோ பயமோ தோன்றவில்லை, நிறைவாக இருந்தது என்றே பின்னால் எழுதினார். பிரக்ஞை என்பதே ஒற்றை ஆள் சமாச்சாரம். என் பல்வலியை என் வீட்டில் உள்ள யாரும் படமுடியாது.

கருங்குருவி:
சரி, தேதியை ஓரமாக வைப்போம். அதே சிஃப்ர் 1972இல் டெக்சாஸ் குகையில் ஆறு மாதத்துக்கு மேல் இருந்தார். விளக்கும் புத்தகமும் இருந்தன. கடைசியில் ஒரு எலியோடு சினேகம் பிடிக்கப் பார்த்தார். அதைப் பிடிக்கப் பாத்திரத்தைக் கவிழ்த்ததில் எலி செத்துப்போய், மனிதர் உடைந்துபோனார். மண்டேலா தனிச்சிறையில் கரப்பான்பூச்சியிடம் பேச்சுக் கொடுக்கும் நிலைக்கு வந்ததாக எழுதியிருக்கிறார். பிரக்ஞை ஒற்றை ஆள் சமாச்சாரம் என்றால் எலியும் கரப்பானும் எதற்கு? காலின்ஸ் கதை வேறு. பூமியில் உள்ள ஹூஸ்டன் கட்டுப்பாட்டு மையத்தின் குரல் மறுபடி எப்போது வரும் என்று அவருக்கு நிமிடக் கணக்காகத் தெரியும்.

மின்மினி:
குறுக்கே வருகிறேன். திருவண்ணாமலையில் ரமணர் 1896இல் கோயிலின் நிலவறையான பாதாள லிங்கக் குழிக்குள் பூச்சி கடிப்பதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாரே, அதை எந்தக் கணக்கில் வைப்பது?

கருங்குருவி:
என் கணக்கில்தான். அவர்மேல் கல்லெறிந்த பையன்களை விரட்டியது அதே ஊரில் இருந்த துறவி சேஷாத்ரி சுவாமிகள். பின்னாளில் கூடவே இருந்து கவனித்துக்கொண்டது அவருடைய பக்தர் பழனிசாமி.

திண்ணைக்காரன்:
அது உடம்புக்குக் காவல். உள்ளே நடந்ததில் பழனிசாமிக்கு என்ன பங்கு?

மின்மினி:
வெறும் உடம்புக் காவல் போதுமென்றால் சிறையிலும் வேளாவேளைக்குச் சாப்பாடு வருகிறதே. எனக்குப் படுவது, தாழ்ப்பாள் யார் கையில் என்பதுதான் விஷயம். ரமணர் தானாகப் போய் உட்கார்ந்தார், மண்டேலாவை அடைத்தார்கள். மண்டேலா பெயரிலேயே 2015இல் ஐ.நா. கொண்டுவந்த விதிகள், தொடர்ந்து 15 நாளுக்கு மேல் ஒருவரைத் தனிச்சிறையில் வைக்கக் கூடாது என்கின்றன.

கருங்குருவி:
அப்படியென்றால் சிஃப்ரை அடைத்தது யார்? தானாகத்தான் இறங்கினார். தனிமைக்கென்று பிரிட்டன் 2018இலும் ஜப்பான் 2021இலும் அமைச்சர் போட்டார்களே, அந்த ஊர் முதியவர்களின் கதவுகள் என்ன வெளியே பூட்டியா இருக்கின்றன?

திண்ணைக்காரன்:
அமைச்சர் போட்டால் ஆள் அனுப்பலாம், சங்கம் தொடங்கலாம். ஐம்பது வருடம் கூட வாழ்ந்த மனைவி போன பிறகு, வீட்டில் பத்துப் பேர் இருந்தாலும் அந்தப் பெரியவர் தனியாள்தான். ஆள் சேர்த்தால் தீராத தனிமை ஒன்று இருக்கிறது. இதற்கு உங்கள் ஹெகல் என்ன சொல்வார்?

கருங்குருவி:
இது எனக்குச் சாதகம், ஐயா. ஒற்றை ஆளாகவே இயங்கும் மனம் என்றால், ஒருத்தி போனதற்கு அது ஏன் இப்படிப் பாதியாக வேண்டும்?

திண்ணைக்காரன்:
பாதியாவதும் அவருக்குள்தானே நடக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் மகனுக்கு அதில் எவ்வளவு தெரியும்?