மறுமொழி: முகாம் ஆட்டத்தாளுக்குச் சொற்கள் – பிடி, ஒத்து, வெட்டு

குழு நண்பர்களுக்கு வணக்கம்.

கோடை முகாமுக்கான சீட்டாட்ட விதித்தாள் அடுத்த வாரம் அச்சுக்குப் போகிறது. அழகர்கோயில் அடிவாரத்தில் மே மாதம் காலையிலும் மாலையிலும்தான் பிள்ளைகளை வெளியே விட முடியும். அக்கினி நட்சத்திர வெயிலில் பதினோரு மணிக்கே மண் சுடத் தொடங்கிவிடும். நான்கு மணிவரை அவர்கள் கூடத்தில்தான் இருக்க வேண்டும், கைப்பேசியும் கிடையாது. அந்த நேரத்துக்குச் சீட்டுக்கட்டை விட உதவும் பொருள் வேறு இல்லை என்பது என் உறுதியான எண்ணம். மேலூரிலிருந்தும் உசிலம்பட்டியிலிருந்தும் மதுரை நகரிலிருந்தும் வரும் பிள்ளைகள் ஒரே பாயில் உட்கார்ந்து ஆடப்போகிறார்கள். வீட்டுக்கு வீடு விதி வேறு, பேச்சும் வேறு. முதல் அரைமணி நேரம் சண்டையில் கழியாமல் இருக்க, தாளில் உள்ள சொற்கள் எல்லாருக்கும் பொதுவாகவும் சட்டென்று விளங்குவதாகவும் இருக்க வேண்டும்.

என் அளவுகோல் ஒன்றுதான்: ஆடுகிற பிள்ளை அந்தச் சொல்லைக் கூவ முடிய வேண்டும். படிப்பதற்கு மட்டும் உதவும் சொல் தாளோடு நின்றுவிடும். கிரிக்கெட்டில் ‘ஓட்டம்’ நிலைத்தது. ‘விக்கெட்’ விக்கெட்டாகவே இருந்துவிட்டது. அப்துல் ஜப்பார் போன்றவர்களின் வானொலி வர்ணனையைக் கேட்டு வளர்ந்த நமக்கு இரண்டும் உறுத்தவில்லை. வாயில் ஏறிவிட்ட சொல்லை எந்த மொழியிலிருந்து வந்தது என்று கேட்டு விரட்ட வேண்டாம். சொல் இல்லாத இடத்தில் ஆக்குவோம்.

> ‘ட்ரிக்’ என்பதற்கு அகராதியில் தந்திரம், சூழ்ச்சி என்றுதான் இருக்கிறது. ‘தந்திரம்’ என்றே வைத்துவிடலாமே?

ஐயா, அதை ஏற்க என் மனம் ஒப்பவில்லை. ஒரு சுற்றில் நால்வர் போட்ட நான்கு சீட்டையும் ஒருவர் அள்ளுகிறார். அதில் தந்திரம் இருக்கலாம், கையில் பெரிய சீட்டு இருந்ததால் தானாக வந்ததாகவும் இருக்கலாம். ‘நம் அணிக்கு ஐந்து தந்திரம்’ என்று எழுதினால் பத்து வயதுப் பிள்ளை என்ன நினைக்கும்? எங்கள் வீட்டில் ‘இருபத்தெட்டு’ என்ற சீட்டாட்டம் ஆடிய பெரியவர்கள் ‘பிடி’ என்றார்கள். ‘இந்தப் பிடி நமக்கு’, ‘கடைசிப் பிடியை விட்டுவிடாதே’ என்று அவர்கள் பேசியதில் விளக்கம் தேவைப்பட்டதே இல்லை. அவனியாபுரத்திலும் பாலமேட்டிலும் அலங்காநல்லூரிலும் பொங்கலுக்கு ஒலிபெருக்கியில் ‘பிடி மாடு’ என்ற அறிவிப்பைக் கேட்ட பிள்ளைகளுக்கு அந்தச் சொல்லின் பொருள் ஏற்கெனவே கையில் இருக்கிறது.

‘சுற்று’ போதாதா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். இரண்டும் வேண்டும். எல்லாரும் ஒரு முறை சீட்டு இறக்குவது சுற்று. அந்தச் சுற்றில் விழுந்த சீட்டுகளை ஒருவர் வென்று தன் பக்கம் வைத்துக்கொண்டால் அது பிடி. கழுதை ஆட்டத்தில் சுற்று உண்டு, பிடி கிடையாது. இருபத்தெட்டில் ஒவ்வொரு சுற்றும் ஒரு பிடியில் முடியும். பிறகு பிடிக்குள் இருக்கும் புள்ளிகளை எண்ணுவோம்: ஜாக்கிக்கு 3, ஒன்பதுக்கு 2, ஏஸுக்கும் பத்துக்கும் 1 வீதம். ஓர் இனத்துக்கு 7 புள்ளி, நான்கு இனத்துக்கு 28. ஆட்டத்தின் பெயரே அதுதான். முந்நூற்று நாலும் இதே குடும்பம். அங்கே ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10, ராஜாவுக்கு 3, ராணிக்கு 2 என்று இனத்துக்கு 76 வரும். நான்கால் பெருக்கிப் பாருங்கள். கணக்குப் பாடத்தில் சோர்ந்துபோகும் பிள்ளை இந்தக் கூட்டலை விரல் விடாமல் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

மேலே ‘இனம்’ என்று எழுதிவிட்டேன். அதற்குக் காரணம் சொல்ல வேண்டும். ‘சாதி’ என்று சிலர் சொல்வதாக ஒரு மடல் வந்தது. பழக்கத்தில் இருந்தாலும் பிள்ளைகளின் தாளில் அதற்கு இடமில்லை. ‘உன்னிடம் அந்தச் சாதி இருக்கிறதா’ என்று ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கேட்கும்படி நாம் ஒரு விளையாட்டைக் கற்றுக்கொடுக்கக் கூடாது. இதில் எனக்கு விட்டுக்கொடுக்கும் எண்ணம் சிறிதும் இல்லை. ‘இனம்’ என்பதை வல்லினம், மெல்லினம், இன எழுத்து என்று இலக்கண வகுப்பில் அவர்கள் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள். ஒரே வகையைச் சேர்ந்தவை என்ற பொருளும் சரியாகப் பொருந்துகிறது.

நான்கு இனங்களின் பெயரைத் தமிழாக்க வேண்டாம். இஸ்பேட், ஆட்டின், டைமண்ட், கிளாவர் என்பவை பாட்டிமார் வாயிலும் புழங்கும் சொற்கள். இஸ்பேடுக்கு ‘மண்வெட்டி’ என்ற முன்மொழிவு தவறான தடத்தில் போகிறது. சீட்டின் ‘ஸ்பேட்’ மண் வெட்டும் கருவியிலிருந்து வந்ததன்று. வாளைக் குறிக்கும் இத்தாலிய, ஸ்பானியச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. கிளாவரைப் பாருங்கள். ஆங்கிலத்தில் அதற்குத் தடி என்று பொருள்படும் பெயர்; சீட்டிலோ மூவிலைத் தழைதான் இருக்கிறது. டச்சுக்காரர்கள் அந்த இனத்தை இலையின் பெயரால் ‘கிளாவர்’ என்றே அழைக்கிறார்கள். அவர்கள் 1658 முதல் தூத்துக்குடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்தவர்கள். இப்படி ஒரு சொல்லில் இவ்வளவு பயணம் இருக்கும்போது அதை அழித்துவிட்டு எதைப் பெறப்போகிறோம்?

இப்போது உண்மையிலேயே சொல் இல்லாத இடத்துக்கு வருகிறேன். முதலில் இறங்கிய சீட்டு எந்த இனமோ, கையில் இருந்தால் அதே இனத்தை மற்றவர்களும் போட வேண்டும். கழுதை, இருபத்தெட்டு, முந்நூற்று நாலு எல்லாவற்றுக்கும் அடித்தளம் இந்த ஒரே விதி. இதற்குப் பெயர் இல்லாததால் ஒவ்வொரு முறையும் ‘அதே மாதிரி போடு’, ‘அது இருந்தா அதைப் போடு’ என்று சுற்றி வளைக்கிறோம். புதிதாக வரும் பிள்ளைகள் தடுமாறுவதும் இந்த இடத்தில்தான்.

> ‘இனந்தொடர்தல்’ இலக்கணப்படி சரியாக இருக்கிறது. அதையே வைக்கலாம்.

சரியாகத்தான் இருக்கிறது, அம்மா. ஆனால் ரம்மி ஆடும் வீடுகளில் ‘தொடர்’ என்றால் ஐந்து, ஆறு, ஏழு என்று வரிசையாகச் சேர்வது. அந்தப் பழக்கத்தில் வரும் பிள்ளை ஆட்டின் ஐந்துக்கு ஆட்டின் ஆறு தேடும். மேலும் ‘இனந்தொடர்’ என்று யாரும் கூவ மாட்டார்கள்.

என் முன்மொழிவு: ‘ஒத்து’.

‘ஒத்துப் போடு’ என்றால் இறங்கிய இனத்துக்கு ஒத்த சீட்டைப் போடு என்று பொருள். அப்படிப் போடும் சீட்டு ‘ஒத்துச்சீட்டு’. கையில் அந்த இனம் இல்லையென்றால் ‘ஒத்து இல்லை’. ஒத்துப்போ, ஒத்துக்கொள், ஒத்துழை என்று தினமும் புழங்கும் சொற்களோடு உறவுள்ளதால் விளக்காமலே பொருள் தெரியும். நாகசுர மேளத்திலும் ஒத்து உண்டு. பெரிய நாகசுரம் ராகத்தை எங்கே கொண்டுபோனாலும் ஒத்து அதே சுருதியைப் பிடித்துக்கொண்டிருக்கும். சித்திரைத் திருவிழாவில் மாசி வீதிகளில் நின்ற பிள்ளைகள் அதைக் கேட்டிருப்பார்கள், பெயர் தெரியாமல் இருந்தாலும்.

இதற்கு இரண்டு மறுப்புகள் எழலாம். ஒன்று, ‘ஒத்து ஊதுதல்’ என்றால் சொந்தக் கருத்தின்றி ஆமாம் போடுவது என்று ஒரு வசை உண்டே என்பது. அந்த வசை ‘ஊதுதல்’ சேர்ந்தால்தான் வருகிறது. ‘ஒத்துப் போடு’ என்பதில் அந்த வாடை இல்லை. இரண்டாவது சற்று வலுவானது. மதுரைப் பக்கம் ‘ஒத்தை’ என்றால் ஒற்றை. ‘ஒத்தைப் போடு’ என்று இரண்டாம் வேற்றுமையில் எழுதினால் ஒரு சீட்டு போடு என்றே கேட்கும். ஆகவே தாளில் அந்த உருபைத் தவிர்த்து, ‘ஒத்துப் போடு’, ‘ஒத்துச்சீட்டை இறக்கு’ என்று மட்டும் எழுதுவோம். இவ்வளவு கவனம் போதும்.

‘ஒத்து’ வந்துவிட்டால் ‘வெட்டு’ தானே சரியான இடத்தில் உட்கார்ந்துவிடும். இப்போது ‘வெட்டு’ மூன்று வேலை பார்க்கிறது. கலைத்த கட்டை இரண்டாகப் பிரித்து வைப்பது வெட்டு. கழுதையில் இனம் இல்லாமல் வேறு சீட்டைப் போட்டுச் சுற்றை நிறுத்துவது வெட்டு. இருபத்தெட்டில் துருப்பை, அதாவது மற்ற இனங்களை வெல்லும் இனத்தின் சீட்டை, போட்டுப் பிடியை எடுப்பதும் வெட்டு. முதலாவதை ‘கட்டுப் பிரிப்பு’ என்று தனியே வைத்துவிடலாம். மற்ற இரண்டையும் சேர்த்து ஒரே விளக்கம் எழுதியிருக்கிறேன்: ‘ஒத்து இல்லாதபோது போட்டு, சுற்றின் முடிவை மாற்றும் சீட்டு வெட்டு.’ கழுதையில் ஒத்தில்லாத எந்தச் சீட்டும் வெட்டும். இருபத்தெட்டில் துருப்பு மட்டும் வெட்டும். ஒத்தும் இல்லாமல் துருப்பும் இல்லாமல் போடும் சீட்டுக்கு ‘கழிவு’. துருப்பைப் பற்றி விவாதமே வேண்டாம்; செய்தித்தாள் அரசியல் பக்கம் வரை போய்விட்ட சொல் அது.

கழுதைக்கான விதியைப் புதுச் சொற்களில் எழுதிப் பார்த்தேன். படித்துச் சொல்லுங்கள்:

‘சீட்டு முழுவதையும் எல்லாருக்கும் போடு. இஸ்பேட் ஏஸ் வைத்திருப்பவர் அதை இறக்கித் தொடங்குவார். மற்றவர்கள் ஒத்துப் போட வேண்டும். எல்லாரும் ஒத்துப் போட்டால் அந்தச் சீட்டுகள் ஆட்டத்தை விட்டு வெளியேறும். பெரிய சீட்டுப் போட்டவர் அடுத்த சுற்றைத் தொடங்குவார். ஒருவரிடம் ஒத்து இல்லையென்றால் வெட்டலாம். வெட்டு விழுந்தவுடன் சுற்று நிற்கும். அதுவரை விழுந்த ஒத்துச்சீட்டுகளில் பெரியதைப் போட்டவர் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு மறுபடி தொடங்குவார். கையில் சீட்டுத் தீர்ந்தவர் தப்பினார். கடைசிவரை சீட்டு வைத்திருப்பவர் கழுதை.’

முன்பு ஒரு பக்கத்துக்கு நீண்ட விதி இது.

ஒத்து இருந்தும் மறைத்துவிட்டு வெட்டுகிற வழக்கமும் உண்டு. சண்டைகளில் பாதி அதனால்தான் வருகிறது. அதற்குக் ‘கள்ளவெட்டு’ என்று பெயர் வைக்கலாம். கள்ளநோட்டு, கள்ளவோட்டு என்ற வரிசையில் சேர்ந்துகொள்ளும். கள்ளவெட்டுப் போட்டவரே அந்தச் சுற்றின் சீட்டுகளை எல்லாம் அள்ள வேண்டும் என்று தண்டனையையும் எழுதிவிடுவோம். தவறுக்குப் பெயரும் தண்டனையும் தாளில் இருந்தால் பெரியவர்கள் நடுவில் புகுந்து நீதி சொல்ல வேண்டியதில்லை, பிள்ளைகளே தீர்த்துக்கொள்வார்கள்.

ஊனோ 1971இல் அமெரிக்காவின் ஒஹையோவில் ஒரு முடிதிருத்துநர் உருவாக்கிய ஆட்டம். இப்போது நம் பிள்ளைகளில் பலர் கையில் அந்தக் கட்டு இருக்கிறது. அதற்கு இரண்டு சொல் மட்டும் தேவை: எடுத்துக்கொள்ளும் கட்டு, போட்டுவிடும் கட்டு. ‘எடுகட்டு’, ‘விடுகட்டு’ என்று வினைத்தொகையாக வைக்கலாம். ஊறுகாய், சுடுசோறு போல மூன்று காலத்துக்கும் பொருந்தும். எதுகையும் சேர்ந்து வருவதால் மறக்காது. இருபத்தெட்டில் புள்ளி ஏற்றிச் சொல்வதற்குக் ‘கேட்பு’ போதும். ஏலத்தில் ‘கேட்கிறேன்’ என்பதுதானே வழக்கம்.

பதினைந்து பேருக்கு மேல் சேர்ந்துவிட்டால் ‘மாஃபியா’ என்ற ஆட்டம்தான் வழி. 1986இல் மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் திமித்ரி டேவிடாஃப் உருவாக்கியது. தனிக் கட்டு தேவையில்லை. ஜாக்கி வந்தவர் திருடன், ராஜா வந்தவர் காவலர், மற்றவர்கள் ஊரார் என்று சாதாரணச் சீட்டிலேயே வேடம் பிரித்துவிடலாம். ராஜா, ராணி, மந்திரி, திருடன், போலீஸ் என்று துண்டுத்தாளில் எழுதிப்போட்டு ஆடிய நமக்கு இது புதிதாக இருக்காது. ‘ஊரும் திருடனும்’ என்று பெயர் கொடுத்திருக்கிறேன்.

> சீட்டு என்றாலே பெற்றோர் பயப்படுவார்கள். தாளின் தலைப்பிலிருந்து அந்தச் சொல்லையே எடுத்துவிடலாமா?

பயம் நியாயமானது. இணைய ரம்மியில் பணத்தையும் உயிரையும் இழந்தவர்களைப் பற்றிய செய்திகள் வந்து, 2022இல் நம் சட்டமன்றம் தடைச் சட்டமுன்வடிவை நிறைவேற்றும் அளவுக்குப் போனது. ரம்மி பெரிதும் திறமையைச் சார்ந்த ஆட்டம் என்று உச்ச நீதிமன்றம் 1967இல் சொன்னதை எடுத்துக்காட்டி வாதாடலாம்; ஆனால் வீட்டில் பணம் போன ஒரு தாய்க்கு அது பதிலாகாது. ரம்மியைத் தாளில் சேர்க்கவே வேண்டாம். பந்தயம் என்று காசு மட்டுமன்றிப் புளியங்கொட்டை, மிட்டாய் எதுவும் கூடாது என்று முதல் வரியிலேயே எழுதுவோம். சொல்லை மறைத்தால் நாம் எதையோ ஒளிப்பதாகத்தான் பெற்றோர் நினைப்பார்கள். ‘சீட்டாட்டம்’ என்றே தலைப்பு இருக்கட்டும்.

ஒரு சொல் மட்டும் இன்னும் முடியவில்லை. சீட்டைக் கவிழ்த்து வைத்து ‘மூன்று ராணி’ என்று சொல்லும் ஆட்டத்தில், நம்பாதவர் கூவ ஒரு சொல் வேண்டும். ‘பொய்’ என்று ஒரு முன்மொழிவு. பிள்ளைகள் ஒருவரையொருவர் நாள் முழுவதும் அப்படி அழைப்பது எனக்குப் பிடிக்கவில்லை. ‘திற’ நன்றாக இருந்தது. ஆனால் இருபத்தெட்டில் மறைத்து வைத்த துருப்பைத் திறக்கச் சொல்ல அந்தச் சொல்லைப் பயன்படுத்திவிட்டோம். ‘காட்டு’ என்பது என் பரிந்துரை. இதைவிடக் கூவ எளிதான சொல் யாருக்காவது தோன்றினால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள். சனிக்கிழமை தாள் அச்சகத்துக்குப் போய்விடும்.

அன்புடன்,
ஆட்டத்தாள் பொறுப்பில் இருக்கும் உங்கள் தோழன்