மறு: அஃபோர்டன்ஸ் – ‘இடங்கொடை’ சரிப்படுமா?

அன்பு நண்பர்களே,

திங்கட்கிழமை இடைமுக வடிவமைப்பு வகுப்பு தொடங்குகிறது. முதல் பாடத்திலேயே ‘அஃபோர்டன்ஸ்’ (affordance) என்ற ஆங்கிலக் கலைச்சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும். ‘வசதி’, ‘கட்டுபடி’, ‘இடங்கொடை’ என்று நீங்கள் சொன்னீர்கள், ‘தருகை’ என்று நான் சொன்னேன். எல்லா மடல்களையும் படித்துவிட்டேன்.

‘வசதி’ வடசொல் என்பதால் நான் மறுக்கவில்லை. ‘இந்தத் திரையில் என்ன வசதி இருக்கிறது?’ என்றால் மாணவர்கள் தேடல், அச்சு, பகிர்வு என்று பட்டியல் போடுவார்கள். நாம் கேட்பது அதுவல்ல. ‘கட்டுபடி’ காசுக் கணக்கில் போய் நிற்கிறது, விட்டுவிடுவோம். அஃபோர்டன்ஸ் என்பது ஜேம்ஸ் கிப்சன் என்ற உளவியலாளர் ‘அஃபோர்ட்’ (afford) என்ற ஆங்கில வினைச்சொல்லிலிருந்து தாமே உண்டாக்கிய பெயர். ஓர் உயிரை அதன் சூழல் என்ன செய்ய விடுகிறது என்பதுதான் பொருள். பெரியவருக்கு முழங்கால் உயரமுள்ள திண்டு உட்கார உதவும். தவழும் குழந்தைக்கு அது சுவர்.

அதனால்தான் ‘இடங்கொடை’ வேண்டாம், ‘தருகை’ என்றேன். ‘தா’ என்னும் தருசொல் தன்மைக்கும் முன்னிலைக்கும் (எனக்கு, உனக்கு) உரியது, ‘கொடு’ என்னும் கொடைச்சொல் படர்க்கைக்கு (அவருக்கு) உரியது என்கிறது தொல்காப்பியம். வடிவமைப்பவர் கண்ணில் திரை பயனருக்குக் ‘கொடுக்கிறது’. பயனர் கண்ணில் எனக்குத் ‘தருகிறது’. மதிப்பிடுகிறவர் பயனர் பக்கம்தான் நிற்க வேண்டும். ‘தரவு’ இன்னும் பொருத்தம், ஆனால் அதை டேட்டாவுக்குக் கொடுத்துவிட்டோம்.

இரண்டு நாள் இதைப் பிடித்துக்கொண்டிருந்தேன். ‘உடம்பு இடங்கொடுத்தால் வருகிறேன் என்று தன்னைப் பற்றித்தானே சொல்கிறோம்?’ என்று ஒருவர் ஒரே வரி எழுதினார். அதற்கு மேல் நம் குழுவின் மூத்தவர் ஐயா தொல்காப்பியத்தின் எச்சவியல் நூற்பாவை எடுத்துக் காட்டினார்: கொடு என்பது படர்க்கைச் சொல்லானாலும் ‘தன்னைப் பிறன்போற் கூறும்’ குறிப்பில் தன்னிடத்தும் வரும். நன்றி ஐயா. திரையை வரைந்தவரே அதைப் பிறன்போல் நின்று பார்ப்பதுதானே மதிப்பீட்டின் பாதி வேலை? ‘இடங்கொடை’யை முழு மனதோடு ஏற்கிறேன். இடங்கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான் என்ற பழமொழி நினைவுக்கு வரும் என்பது பெரிய தடையாகத் தெரியவில்லை.

ஆனால் சிக்னிஃபயருக்கும் (signifier), அதாவது இங்கே இதைச் செய்யலாம் என்று காட்டும் அடையாளத்துக்கும், இதே சொல் போதும் என்பதை ஒப்புக்கொள்ள முடியாது. போன மாதம் ஒரு படிவத்தைச் சோதித்தோம். ஒரு பெண்மணி எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிட்டு, அடியில் இருந்த நீலப் பட்டையை நான்கு முறை தட்டினார். அது வெறும் தலைப்பு. அதற்கு மேலேயே ‘சேமி’ இருந்தது, விளிம்பில்லாமல், வெளிறிய சாம்பல் எழுத்தில். ‘அழுத்த முடியலையே’ என்றார். அழுத்த இடம் இருந்தது. அழுத்தலாம் என்று சொல்லத்தான் எதுவும் இல்லை. ஒரே சொல்லை வைத்தால் அறிக்கையில் ‘இடங்கொடை இல்லை’ என்று எழுதுவார்கள், நிரலர் புதிதாக இன்னொரு பொத்தான் சேர்ப்பார். 1988இல் இக்கருத்தை வடிவமைப்புக்குக் கொண்டுவந்த டான் நார்மனே, இந்தக் குழப்பத்தைப் பார்த்துத் தம் நூலின் 2013 பதிப்பில் இரண்டையும் பிரித்தார்.

சிக்னிஃபயருக்குச் ‘சுட்டி’ என்று வைக்கலாம் என்றால், அது மவுசுக்குப் போய்விட்டது. அமைப்பியல் (மொழியையும் இலக்கியத்தையும் குறிகளின் அமைப்பாகப் பார்க்கும் கோட்பாடு) பேசும் நம் திறனாய்வாளர்கள் சிக்னிஃபயரை ஏற்கெனவே ‘குறிப்பான்’ என்று எழுதுகிறார்கள், அதையே எடுத்துக்கொள்ளலாம்.

அஃபோர்டன்ஸ் என்றே விடச் சொன்ன மூவருக்கு: மாணவர்கள் பின்னால் தேடப்போவது அந்தப் பெயரில்தான் என்பது நியாயம். முதல் முறை வரும் இடத்தில் அதையும் பக்கத்தில் போடுகிறேன்.

‘குறிப்பான்’ ஓர் ஆளைச் சொல்வதுபோல ஒலிக்கிறது என்ற எதிர்ப்பு அப்படியே நிற்கிறது. எனக்கும் காதில் உறுத்துகிறது. ஞாயிறு மாலை அச்சுக்குக் கொடுக்கிறேன். அதற்குள் வேறு சொல் கிடைத்தால் மாற்றிவிடுவேன்.