சிற்றுரு வண்ணத்தில் 'ஹைலைட்': மேட்டொளி என்று வைக்கலாமா?

அனைவருக்கும் வணக்கம். விரலளவுப் பொம்மை உருவங்களுக்கு (மினியேச்சர்) வண்ணம் தீட்டும்போது, வெளிச்சம் விழுந்ததுபோல் மேடான இடங்களில் நிறம் ஏற்றுவதை 'ஹைலைட்' என்கிறோம். அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்றுதான் இந்த இழையில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

> கணினிக்காரர்கள் 'முன்னிலைப்படுத்தல்' என்று ஏற்கெனவே வைத்திருக்கிறார்கள். அதையே எடுத்துக்கொண்டால் என்னங்க?

ஈரோட்டு அண்ணா கேட்டதற்கு முதலில் பதில். திரையில் ஒரு வரிக்கு மஞ்சள் பூசிக் காட்ட அந்தச் சொல் சரி. 28 மில்லிமீட்டர் அளவுப் படைவீரனின் தோள்கவசத்தில் நாம் செய்வது வேறு வேலை. ஆளுயரச் சிலையில் வெளிச்சம் விழுந்தால் மேடும் பள்ளமும் தானாகப் பிரிந்து தெரியும். விரலளவு உருவத்தில் அந்த வேறுபாடு கண்ணுக்கு எட்டாது. ஆகவே விழாத வெளிச்சத்தை வண்ணத்தால் வரைந்து வைக்கிறோம். பார்ப்பவர் கவனம் அங்கே போவது அதனால் வரும் பலன்தான்.

பல வருட இடைவெளிக்குப் பிறகு இப்போதுதான் மறுபடி தூரிகையைத் தொட்டிருக்கிறேன். நடுவில் நிறைய மாறிவிட்டது. 2019-இல் சிற்றுரு விளையாட்டு நிறுவனமான கேம்ஸ் ஒர்க்‌ஷாப் கொண்டுவந்த 'கான்ட்ராஸ்ட்' வண்ணத்தை வெளிர் பூச்சின் மேல் ஒரு கை அடித்தாலே போதும், பள்ளத்தில் அடர்ந்தும் மேட்டில் மெலிந்தும் நிற்கிறது. நிழல் பாதி தானாக வந்துவிடுகிறது. வெளிச்சம் மட்டும் இன்னும் கைவேலையாகவே இருக்கிறது. கற்றுக்கொடுக்க வேண்டியதும் அதைத்தான் என்பதால் இந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு மெனக்கெடுவதில் தப்பில்லை.

இதுவரை வந்த சொற்களைப் பார்ப்போம்.

பொள்ளாச்சி அக்கா தந்த 'துலக்கல்' அழகான சொல். ஒளியும் தெளிவும் அதில் சேர்ந்தே இருக்கின்றன. ஆனால் கேட்டவுடன் பாத்திரம் துலக்குவதுதான் நினைவுக்கு வருகிறது. கேலிக்காகச் சொல்லவில்லை. நம் வேலையில் 'வாஷ்' என்று ஒன்று உண்டு, நீர்த்த கருவண்ணம் வழிந்து பள்ளத்தில் தங்குவது. அதற்கு நேர் எதிரான வேலைக்குக் கழுவுகிற வாடை அடிக்கும் சொல்லை வைத்தால் புதிதாக வருகிறவர் குழம்பிப்போவார். (வாஷுக்கு நாமக்கல் தம்பி சொன்ன 'நிழலூறல்' பிரமாதம். அதில் விவாதமே வேண்டாம்.)

'ஒளிர்வூட்டல்' எனக்கு ஒப்பவில்லை. ஒளிர்வது என்றால் தானே ஒளி விடுவது. தீப்பந்தம் பிடித்த உருவத்தின் முகத்தில் பந்தத்தின் செம்மஞ்சள் படிவதுபோல் வரையும் உத்திக்கு அந்தச் சொல் கட்டாயம் வேண்டியிருக்கும், இப்போதே செலவழித்துவிடக் கூடாது.

'எடுப்பு' என் மனதுக்கு மிக நெருக்கமானது. 'கலர் எடுப்பா இருக்கு' என்பது யாரும் சொல்லிக்கொடுக்காமல் வாயில் வருகிற பேச்சு. ஆனால் எடுப்புக் கக்கூஸைப் பார்த்த தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கிறது, அவர்கள் முகம் சுளிப்பார்கள். அதைக்கூடத் தள்ளிவிடலாம். எடுப்பு என்பது செயலைச் சொல்லாமல் விளைவைச் சொல்கிறது என்பதுதான் பெரிய சிக்கல். பள்ளத்தைக் கருக்கினாலும் பக்கத்து நிறம் எடுப்பாகும். அந்தச் சொல்லை இரு நிறங்களின் முரணுக்கு வைத்துக்கொள்ளலாம்.

'வெளுப்பு' எங்கிருந்து வந்தது என்று ஒருவர் கேட்டிருந்தார். நான் எழுதியதுதான். பேரூரில் கோபுரச் சுதைகளுக்கு வண்ணம் அடிக்கும் பெரியவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தபோது, "மேட்டுல வெளுப்பு ஏத்தோணும், பள்ளத்துல இறக்கோணும், அவ்வளவுதானுங்க" என்றார். இத்தனை மடல்களில் நாம் சொல்ல வந்ததை அரை வரியில் முடித்துவிட்டார். ஆனாலும் வெளுப்பை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. சிவப்பில் வெள்ளையைக் கலந்தால் வெளிச்சம் வராது, ரோஸ்தான் வரும். சிவப்பை ஆரஞ்சு பக்கம் ஏற்ற வேண்டும். பச்சையை மஞ்சள் பக்கம். கறுப்பு அங்கிக்கு நீலம் கலந்த சாம்பல் நன்றாக நிற்கும். வெள்ளையை நம்பி ஏற்றிய உருவங்கள் சுண்ணாம்பு தடவியதுபோல் இருப்பதற்குக் காரணம் இதுதான்.

வெளுப்பை விட்டாலும் அவர் சொன்ன மேடு நமக்கு வேண்டும். மேட்டாங்காடு என்று சொல்லிப் பழகிய ஊரில் மேடு யாருக்கும் புரியாமல் போகாது. அதனால் என் பரிந்துரை மேட்டொளி. வினையாக, 'மேட்டொளி ஏற்று'. ஏற்றுவதும் அவர் தந்த வினைதான்.

இதிலிருந்து கிளைச்சொற்களும் வரும். கவசத்தின் ஓரத்தில் இழுக்கும் மெல்லிய கோடு விளிம்பொளி. இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். விளிம்பொளி இழுக்கத் தூரிகையின் நுனி வேண்டாம். வண்ணத்தைக் கொஞ்சமாகத் தொட்டு, டிஷ்யூவில் ஒருமுறை ஒற்றி, மயிரின் பக்கவாட்டை விளிம்பின் மேல் சாய்த்துவைத்து இழுத்தால் கோடு விளிம்பிலேயே நிற்கும். பலரும் இதைப் பிடித்துக்கொண்டு எல்லா விளிம்புக்கும் ஒரே பிரகாசத்தில் கோடு போட்டுவிடுகிறார்கள். பார்த்தால் உருவத்தைச் சுற்றி எல்லைக்கோடு வரைந்ததுபோல் இருக்கும், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்றே தெரியாது. மேலே பார்க்கும் விளிம்புக்கு முழு ஒளி, கீழே பார்ப்பதற்கு மங்கலாக ஒன்று, அல்லது ஒன்றுமே வேண்டாம். 'ஓரக்கோடு' என்று பெயர் வைக்கலாம் என்றவருக்கு என் பதில் இதுவே. கோடு என்றால் கை கோடு போடும். ஒளி என்றால் விளக்கு எங்கே என்று ஒரு தடவையாவது யோசிக்கும்.

கண்ணிலும் மணிக்கல்லிலும் வைக்கும் ஒற்றைப் புள்ளிக்குப் பொட்டொளி. கருப்புப் பூச்சின் மேல் உச்சியிலிருந்து வெள்ளையைத் தூவுவது உச்சித்தூவல். இதற்கு ஒரு உள்ளூர்க் குறிப்பு: ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கும்போது மொட்டை மாடியில் நின்று தூவாதீர்கள். வண்ணம் வழியிலேயே காய்ந்து மணல் மணலாக ஒட்டும். சித்திரை வெயிலில் வேறு தொல்லை, தட்டிலேயே வண்ணம் இறுகிவிடும். மூடி போட்ட டப்பாவில் ஈரப் பஞ்சு, அதன் மேல் பட்டர் பேப்பர், வண்ணத்தை அதில் வைத்துக்கொண்டால் போதும்.

> வாளின் அலகு தட்டை. அங்கே மேடு எங்கே இருக்கு?

நியாயமான கேள்வி. உலோக வண்ணமே இல்லாமல் உலோகத்தைக் காட்டும்போது, அலகில் எந்த இடத்தில் ஒளி விழ வேண்டும் என்று தீட்டுபவர்தான் முடிவு செய்கிறார். இருட்டை ஒட்டியே வெளிச்சம் வரும். அதற்கு மேட்டொளி பொருந்தாது. 'பட்டையொளி' என்று தனியாக வைத்துவிடலாம். ஒரே சொல் எல்லாவற்றையும் சுமக்க வேண்டும் என்று நினைத்ததால்தான் இந்த இழை இவ்வளவு நீண்டது என்று தோன்றுகிறது.

லாரிப் பட்டறைகளில் 'லைட்டு, ஷேடு' என்றே புழங்குகிறதே என்ற வாதமும் வந்தது. பேச்சில் அப்படியே இருக்கட்டும், யாரும் தடுக்கப்போவதில்லை. செய்முறைக் குறிப்பு எழுத உட்காரும்போதுதான் கிளைச்சொற்கள் தேவைப்படுகின்றன.

இன்னும் சிக்காமல் இருப்பது 'கிளேஸ்'. அடி நிறம் தெரியும்படி மேலே மெல்லிசாகப் பூசுவது. 'மென்படலம்' என்று எழுதிப் பார்த்தேன், புத்தக வாடை அடிக்கிறது. சுதை வேலைக்காரர்களிடம் இதற்கு ஏதாவது வழக்கு இருக்கிறதா என்று அவிநாசிப் பக்கம் இருப்பவர்கள் விசாரித்து எழுதுங்கள்.