எரிபொருள் நீர்ப்பு வேண்டாம், எரிபொருள் கரைவு என்போம்

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

எஞ்சின் ஆயிலில் எரிபொருள் சேர்ந்து ஆயில் மெலிந்துபோவதை ஃபியூயல் டைலூஷன் என்கிறார்கள். நம் தமிழ்க் கலைச்சொல் பட்டியலில் அதற்கு 'எரிபொருள் நீர்ப்பு' என்று போன வாரம் ஏறக்குறைய முடிவாகிவிட்டது. நான்கு பேர் ஒப்புக்கொண்டு எழுதிவிட்டீர்கள். வேதியியல் பாடத்தில் 'நீர்த்த அமிலம்' நெடுங்காலமாக இருக்கிறது, பள்ளிப் பிள்ளைகளுக்கும் பழகிய வேர், அதையே இங்கும் வைப்போம் என்பது வாதம். நல்ல வாதம்தான். ஆனாலும் பட்டியலில் ஏற்றுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள் என்று கேட்கிறேன். இந்தச் சொல்லால் ஓர் இரவு தூக்கம் கெட்டவன் நான்.

என்னிடம் இருப்பது ஒரு லிட்டர் டர்போ பெட்ரோல் கார். பெட்ரோலை நேராகச் சிலிண்டருக்குள்ளேயே பீய்ச்சும் வகை. காலையில் காளவாசலில் இருந்து தெற்குவாசல், மாலையில் திரும்ப வீடு. ஒரு நடைக்கு ஐந்து கிலோமீட்டருக்குள்தான். எஞ்சின் முழுதாகச் சூடேறி நிதானப்படுவதற்குள் நிறுத்திவிடுவேன். நெடுஞ்சாலையில் ஏறுவது மாதம் ஒருமுறை இருந்தால் பெரிது.

சர்வீஸுக்கு விட்ட இடத்தில் டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்துவிட்டு, "ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடியும் ஆயில் ஒரு சொட்டுக் குறையலை சார், எஞ்சின் அருமையா இருக்கு" என்று சொல்லி அனுப்பினார்கள். அதே மகிழ்ச்சியோடு அன்று மாலை கே.புதூரில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனிடம் சொன்னேன். பதினைந்து வருடப் பழக்கம். அவர் ஒன்றும் பேசாமல் பானெட்டைத் திறந்து டிப்ஸ்டிக்கை உருவி முதலில் மோந்து பார்த்தார். பிறகு ஒரு சொட்டைக் கட்டைவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துத் தேய்த்து விரல்களை மெல்லப் பிரித்தார். நூல் விழவில்லை. இன்னொரு சொட்டை உறிஞ்சுதாளில் வைத்து ஓரமாக எடுத்துவைத்தார். பத்து நிமிடம் கழித்துப் பார்த்தால் நடுவில் கருப்பு, அதைச் சுற்றிப் பழுப்பு, அதற்கும் வெளியே எண்ணெய்க் கறையே இல்லாததுபோல வெளிறிய ஒரு வளையம் பரவியிருந்தது.

"குறையலன்னு சந்தோசப்படாதீங்க தம்பி. லெவலு மேல ஏறியில்ல இருக்கு. ஆயிலு தண்ணியாப் போச்சு."

எனக்குப் பதறிவிட்டது. ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே இறங்கிவிட்டதா, ஹெட் கேஸ்கெட் போய்விட்டதா, எவ்வளவு செலவாகும் என்றெல்லாம் யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தேன். விடிந்ததும் மறுபடி போய்க் கேட்டபோதுதான் விளங்கியது. "தண்ணி கலந்தா மோரு மாதிரி வெளுத்துப்போகும் தம்பி. நான் சொன்னது தண்ணியா ஆயிருச்சுன்னு. இது பெட்ரோலு."

பாருங்கள், 'தண்ணி' வேறு, 'தண்ணியா' வேறு. அவர் பேச்சில் அந்த ஒரே ஒரு 'ஆ'தான் உவமையைப் பொருளில் இருந்து பிரிக்கிறது. நமது 'நீர்ப்பு' என்ற சொல்லில் அந்த 'ஆ' இல்லை. பழகியவருக்கு அது உவமையாகக் கேட்கும், பழகாதவருக்கு நீராகவே கேட்கும். அமிலத்தில் இந்தச் சிக்கல் வராது, அங்கே உண்மையிலேயே நீரைத்தான் ஊற்றுகிறோம்.

இது வெறும் காதுக்குப் பட்ட குறை என்று தள்ளிவிட முடியாததற்குக் காரணம், ஆய்வக அறிக்கையின் அமைப்பு. அண்ணன் சொன்னதை உறுதிப்படுத்திக்கொள்ள ஆயிலை ஆய்வகத்துக்கு அனுப்பினேன். வண்டியை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, சூடு ஆறுவதற்குள் எஞ்சினுக்கு அடியில் ஆயில் வடிக்கும் திருகைத் திறந்து, முதலில் விழுவதை விட்டுவிட்டு, நடுவில் ஒழுகும்போது சுத்தமான பாட்டிலில் நூறு மில்லி பிடிக்க வேண்டும். முதலில் வருவதில் அடிமண்டி சேர்ந்திருக்கும். மூடியை உடனே இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் கண்டுபிடிக்க வேண்டிய பெட்ரோலே ஆவியாகிப் போய்விடும். பத்து நாளில் அறிக்கை வந்தது. அதில் நீர் என்று ஒரு வரி. கிளைக்கால், அதாவது ரேடியேட்டரில் ஊற்றும் குளிர்விப்பான், அதற்கு ஒரு வரி. அதை ஒட்டியே எரிபொருள் விழுக்காட்டுக்கு ஒரு வரி. எனக்கு நீர் இல்லை, கிளைக்கால் இல்லை, எரிபொருள் 4 விழுக்காடு. இந்த அறிக்கையைத் தமிழில் அச்சிட்டால் மேல் வரியில் 'நீர்: இல்லை' என்றும் கீழ் வரியில் 'நீர்ப்பு: 4' என்றும் வரும். படிக்கிற பட்டறைக்காரர் என்ன செய்வார்? இரண்டு நோய்க்கும் வைத்தியம் வேறு. ஒன்றுக்கு எஞ்சினைப் பிரிக்க வேண்டும், இன்னொன்றுக்கு ஆயிலை மாற்றி, ஓட்டும் பழக்கத்தையும் மாற்றினால் பெரும்பாலும் போதும். இவை இரண்டையும் பிரித்துக் காட்டத்தான் ஆய்வே செய்கிறோம். அதற்கு வைக்கும் சொல் இரண்டையும் சேர்த்துவைக்கலாமா?

மற்ற முன்மொழிவுகளையும் பார்த்தேன். 'எரிபொருள் கலப்பு' எளிமையானது, ஆனால் நம் ஊரில் பெட்ரோலையும் கலப்பையும் அடுத்தடுத்துச் சொன்னால் கலப்படம் என்றுதான் மனசு போகும். 'எரிபொருள் கசிவு' என்றால் வண்டிக்கு அடியில் சொட்டுவது, தீப்பிடிக்கும் ஆபத்து, அது வேறு கதை.

நான் முன்வைப்பது 'எரிபொருள் கரைவு'. பிஸ்டன் வளையத்தைத் தாண்டிக் கீழே இறங்கும் பெட்ரோல் ஆயிலில் உண்மையாகவே கரைகிறது. இரண்டும் ஒரே பெட்ரோலிய வயிற்றுப் பிள்ளைகள், ஒன்றோடொன்று சேர்ந்துவிடும், கண்ணுக்குப் பிரிந்து தெரியாது. தண்ணீர் அப்படிக் கரையாது, பாலாய்த் திரண்டு நிற்கும். ஆக 'கரைவு' என்றாலே தண்ணீர் இல்லை என்பது சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. கரைந்தது திரும்பி வரவும் கூடும். மதுரையில் இருந்து திருநெல்வேலி வரை ஒரே மூச்சாக ஓட்டினால் ஆயில் நன்றாகச் சூடாகி, கரைந்த பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகி எஞ்சின் மூச்சுக்குழாய் வழியே மீண்டும் எரியப் போய்விடும்.

சிங்கப்பூரில் இருந்து எழுதிய அம்மா, 'கரைசல்' ஏற்கெனவே இருக்கிறதே, குழம்பாதா என்று முன்பே கேட்டிருந்தார்கள். கரைசல் என்பது பொருள், குவளையில் பிடித்துக் காட்டலாம். கரைவு என்பது நிகழ்வும் அதன் அளவும், குறைவு, நிறைவு, கழிவு போல. அருகருகே வந்தாலும் குழம்பாது என்றே நினைக்கிறேன் அம்மா.

அடுத்தது, இதோடு கட்டாயம் சேர்த்து எடுக்க வேண்டிய இன்னொன்று. 'தண்ணியாப் போச்சு' என்று அண்ணன் சொன்ன அந்த நிலைக்கே ஒரு பெயர் வேண்டும். ஆயில் தன் பாகுநிலையை இழப்பது. என் ஆயில் 5டபிள்யூ-30. கடைசியில் வரும் முப்பது, எஞ்சின் சூட்டில் ஆயிலின் பாகுநிலையைக் குறிக்கும் எண். புதிதாக இருந்தபோது 100 டிகிரி செல்சியஸில் அதன் பாகுநிலை 11.4 சென்டிஸ்டோக். ஆறாயிரம் கிலோமீட்டர் ஓடியபின் 8.8. முப்பதாம் எண் ஆயில் என்றால் 9.3-க்குக் கீழே இறங்கக்கூடாது என்பது வாகனப் பொறியாளர் சங்கமான எஸ்.ஏ.ஈ. வகுத்த வரம்பு. ஆகவே டின்னில் முப்பது என்று எழுதி வாங்கிய ஆயில் என் எஞ்சினுக்குள் இருபதாகிக் கிடந்தது.

இதற்கு வீட்டிலேயே சொல் இருக்கிறது. அப்பத்தா அதிரசத்துக்குப் பாகு காய்ச்சும்போது ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டிப் பார்ப்பார். உருண்டு வராவிட்டால் 'பாகு இளகிக் கிடக்கு' என்பார், அடுப்பில் அதிக நேரம் நின்றுவிட்டால் 'இறுகிப் போச்சு'. பாகுநிலை என்று பாடநூலில் ஏற்கெனவே பாகை வைத்துவிட்டோம், அதன் சொந்தக்காரர்களையும் அழைத்துக்கொள்வோம். பாகுநிலை இறங்கினால் 'இளக்கம்'. ஆயில் வெந்து ஆக்சிஜனேற்றமாகியோ கரி சேர்ந்தோ தடித்தால் 'இறுக்கம்'. இந்த இணை கிடைத்தபோது எனக்கு உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. டி.வி. சுந்தரம் ஐயங்கார் 1912-இல் மதுரையில் பேருந்து விட்ட காலத்தில் இருந்து இந்த ஊரில் எஞ்சின் ஓடுகிறது, பட்டறைகளில் பேச்சும் ஓடுகிறது. அடுக்களையிலும் பட்டறையிலும் கேட்காமல் நாம் சொல் தேடுவது எனக்குச் சம்மதமில்லை.

இளக்கத்துக்குக் காரணம் கரைவு மட்டும் அல்ல. 5டபிள்யூ-30 போல இரண்டு எண் கொண்ட மல்டிகிரேடு ஆயிலில் சூட்டில் இளகாமல் தாங்குவதற்காக நீண்ட பாலிமர் இழைகளைச் சேர்க்கிறார்கள். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேல் சுழல்வது. அந்தத் தண்டுக்கும் அதைத் தாங்கும் புஷ்ஷுக்கும் நடுவில் இருப்பது ஆயிலின் மெல்லிய படலம் ஒன்றுதான். அங்கும், பல்சக்கரங்களுக்கு நடுவிலும், கேம் முனைகளிலும் நசுங்கி நசுங்கி அந்த இழைகள் துண்டாகிவிடுகின்றன. துண்டானது மீண்டும் ஒட்டாது. ஷியர் என்பதற்கு இயற்பியல் பாடநூலில் 'சறுக்குப்பெயர்ச்சி' இருக்கிறது. திடப்பொருளுக்கு அது பொருத்தம். இங்கே நடப்பது அறுபடுவது. ஆகவே இதற்கு 'இழையறவு' என்கிறேன்.

இரண்டில் எது என்று எப்படித் தெரியும்? ஆய்வகத்தில் தொலைபேசியில் கேட்டபோது தெளிவாகச் சொன்னார்கள். ஆயிலைச் சூடாக்கி மேலே சுடரைக் காட்டினால் எந்த வெப்பநிலையில் ஆவி பற்றுகிறது என்று பார்ப்பார்கள். பாகுநிலையோடு அதுவும் சரிந்தால் எரிபொருள் கரைவு. பாகுநிலை மட்டும் இறங்கி, ஆவி பற்றும் வெப்பநிலை அப்படியே நின்றால் இழையறவு. எனக்குப் புது ஆயிலில் 230 டிகிரியாக இருந்தது 168-க்கு வந்திருந்தது. ஐயத்துக்கு இடமில்லை.

அப்புறம் ஆயிலை மாற்றினேன். எது என்று சிலர் தனி மடலில் கேட்டீர்கள், பெயர் சொல்லப் போவதில்லை, எப்படித் தேர்ந்தேன் என்று சொல்கிறேன். என் கையேடு 30, 40 இரண்டையும் அனுமதிக்கிறது. அனுமதிக்காத வண்டிக்கு இதைச் செய்யாதீர்கள். எண்ணைவிட நான் முக்கியமாகப் பார்த்தது, 150 டிகிரியில், வினாடிக்குப் பத்து லட்சம் என்ற ஷியர் வீதத்தில், அதாவது ஆயில் கடுமையாக நசுங்கும் நிலையில், அளக்கும் பாகுநிலையை. முப்பதாம் எண்ணுக்கு அது 2.9 மில்லிபாஸ்கல்-வினாடி இருந்தாலே தேறிவிடும். ஐரோப்பியத் தரத்தில் சி3 என்று குறித்த ஆயில் 3.5 ஆவது காட்ட வேண்டும். சி3-யில் ஒரு 5டபிள்யூ-40 எடுத்தேன். அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனத்தின் தரக்குறியான ஏ.பி.ஐ. எஸ்.பி. இருக்கிறதா என்றும் பார்த்தேன். 2020-இல் வந்த அந்தத் தரம், டர்போ எஞ்சின் குறைந்த வேகத்தில் இழுக்கும்போது பெட்ரோல் முந்திக்கொண்டு பற்றுவதைத் தடுப்பதற்கும் சோதித்தது. மாற்றும் இடைவெளியைப் பத்தாயிரத்தில் இருந்து ஐந்தாயிரமாக்கினேன்.

நாலாயிரத்தில் மறுபடியும் மாதிரி அனுப்பினேன். எரிபொருள் 3.5 விழுக்காடு. கரைவு கிட்டத்தட்ட அப்படியே இருக்கிறது, ஆயிலை மாற்றியதால் அது நிற்காது, என் தெற்குவாசல் நடைதான் அதன் காரணம். ஆனால் 14.1 என்று தொடங்கிய பாகுநிலை 11.5-இல் நின்றது. படலம் காப்பாற்றப்பட்டது. கரைவும் இளக்கமும் இரண்டு தனிச் சொற்களாக இருந்தால்தான் இந்த முடிவையே தமிழில் சொல்ல முடிகிறது. 'நீர்ப்பு' என்ற ஒரே சொல்லால் நோயையும் விளைவையும் குறித்திருந்தால், ஆயில் மாறியபின் குணமானது எது, ஆகாதது எது என்று நான் உங்களுக்கு எழுதியிருக்கவே முடியாது.

கோவை நண்பர் டீசலுக்கும் பொருந்துமா என்று கேட்டார். பொருந்தும், அங்கே இன்னும் மோசம். பி.எஸ்.6 டீசல் கார்களில் புகைவடிகட்டியில் சேர்ந்த கரியை எரிக்கக் கடைசி நேரத்தில் கூடுதலாக டீசலைப் பீய்ச்சுவதுண்டு. ஊருக்குள்ளேயே ஓடி, அந்த எரிப்பு பாதியில் நின்று நின்று போனால், டீசல் சுவரில் வழிந்து ஆயிலில் கரைகிறது. பெட்ரோலைப்போல எளிதில் ஆவியாகியும் போகாது. டிப்ஸ்டிக்கில் லெவல் ஏறுவது அங்கே இன்னும் பளிச்சென்று தெரியும்.

ஆக பட்டியலுக்கு எரிபொருள் கரைவு, இளக்கம், இறுக்கம், இழையறவு. மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்.

ஒன்று மிச்சம் இருக்கிறது. மேலே 150 டிகிரியில் அளக்கும் பாகுநிலை என்று சுற்றி வளைத்து எழுதினேனே, அதற்கு என்னிடம் சொல் இல்லை. 'சூட்டுநெரிப் பாகுநிலை' என்று எழுதிப் பார்த்தேன், வாயில் நிற்கவில்லை. அண்ணனிடம் கேட்டேன், "அதை எங்களால அளக்க முடியாது தம்பி, அதனால பேரு வைக்கல" என்றார். சூடும் நசுக்கலும் ஒருசேரக் காதில் விழுகிற சொல் யாருக்காவது தோன்றினால் தயவுசெய்து எழுதுங்கள்.

அன்புடன்,
காளவாசல், மதுரை